நீங்க குரூப் அட்மினா? உறுப்பினர் போட்ட மெசேஜுக்கு நீங்கள் எப்போது பொறுப்பாவீர்கள்?

ஞாயிறு காலையில் புக்கிட் காசிங் ஏறுகிற ஒரு வாட்சாப் குரூப் என்று வைத்துக்கொள்வோம். பெட்டாலிங் ஜெயா, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் என்று எல்லாப் பக்கமும் ஆட்கள். எத்தனை மணிக்குக் கிளம்புவது, மழை வருமா, இறங்கிய பிறகு எங்கே ரொட்டி சானாய் என்பதுதான் வழக்கமான பேச்சு. ஒரு நாள் இரவு 11.40க்கு ஒருவர் கோயில் நில விவகாரம் பற்றிய ஒரு வீடியோவை ஃபார்வர்ட் செய்கிறார். கீழே இன்னொருவர் மற்றொரு இனத்தைப் பற்றி ஒரு வரி எழுதுகிறார். அடுத்த பத்து நிமிடத்தில் 60 மெசேஜ். நீங்கள் தூங்கிவிட்டீர்கள். அந்தக் குரூப்புக்கு அட்மின் நீங்கள்தான்.

காலையில் எழுந்து பார்க்கும்போது மனதில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: "நான் எழுதவே இல்லையே, எனக்கு என்ன பிரச்சனை?"

மலேசியாவில் இந்தக் கேள்விக்கு ஒரு நீளமான பதில் இருக்கிறது. அந்தப் பதிலின் பெரும்பகுதி பெட்டாலிங் ஜெயாவிலேயே இயங்கும் ஒரு செய்தி நிறுவனத்தின் வழக்கில் எழுதப்பட்டது.

ஐந்து கருத்துகள், ஐந்து லட்சம் வெள்ளி

2020 ஜூன் 9. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக்குப் பிறகு ஜூலை 1 முதல் நீதிமன்றங்கள் முழுமையாக இயங்கும் என்ற செய்தியை 'மலேசியாகினி' வெளியிட்டது. சாதாரணச் செய்திதான். ஆனால் அதன் கீழே வாசகர்கள் ஐந்து பேர் நீதித்துறையைச் சாடிக் கருத்து எழுதினார்கள். (அவர்கள் என்ன எழுதினார்கள் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் நாங்களும் அதை மறுபடி வெளியிட்டதாக ஆகும். ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.)

ஜூன் 12 அன்று போலீஸ் தொடர்புகொண்ட பிறகுதான் அந்தக் கருத்துகள் இருப்பதே ஆசிரியர் குழுவுக்குத் தெரிந்தது என்பது நிறுவனத்தின் தரப்பு. தெரிந்த 12 நிமிடத்துக்குள் நீக்கிவிட்டார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டும் என்றுதான் நம்மில் பலர் நினைப்போம். முடியவில்லை. மூன்று நாள் கழித்து தேசிய சட்டத்துறைத் தலைவர், நிறுவனத்தின் மீதும் தலைமை ஆசிரியர் ஸ்டீவன் கான் மீதும் நீதிமன்ற அவமதிப்பு வழக்குத் தொடுக்க அனுமதி கேட்டார்.

2021 பிப்ரவரி 19 அன்று கூட்டரசு நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் நிறுவனம் குற்றவாளி. ஸ்டீவன் கான் விடுவிக்கப்பட்டார். அரசுத் தரப்பு கேட்ட அபராதம் 2 லட்சம் வெள்ளி. நீதிமன்றம் விதித்ததோ 5 லட்சம். பொதுமக்களிடம் நன்கொடை கேட்டார்கள், சில மணி நேரத்தில் முழுத்தொகையும் சேர்ந்துவிட்டது. அது வேறு கதை.

நமக்கு முக்கியம், பெரும்பான்மை நீதிபதிகள் சொன்ன காரணம். கெட்ட வார்த்தைகளைப் பிடிக்கும் ஃபில்டர் வைத்திருந்தோம், வாசகர்கள் புகார் கொடுத்தால் பார்ப்போம், விதிமுறைகள் போட்டிருக்கிறோம் என்பது நிறுவனத்தின் வாதம். அது போதாது என்றது நீதிமன்றம். ஆசிரியர் குழு உள்ள, அனுபவமுள்ள ஒரு நிறுவனம், எந்த மாதிரி செய்திக்குக் கீழே எந்த மாதிரி கருத்து வரும் என்று ஊகிக்க முடியும். "பார்க்கவில்லை, அதனால் தெரியாது" என்று ஒதுங்க முடியாது என்பதே அதன் சாரம்.

மாறுபட்ட தீர்ப்பு எழுதிய ஒரே நீதிபதி நளினி பத்மநாதன். அவர் பார்வையில், அடுத்தவர் எழுதியதை ஒருவர் 'வெளியிட்டார்' என்று சொல்ல, அது இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், வெளியிடும் எண்ணமும் இருந்திருக்க வேண்டும். தெரிந்தவுடன் நீக்கியது, அந்த எண்ணம் இல்லை என்பதையே காட்டுகிறது. சிறுபான்மைத் தீர்ப்பு சட்டமாகாதுதான். ஆனாலும் ஒரு அட்மின் தன் தரப்பை எப்படி எடுத்துச் சொல்லலாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

114ஏ: 'அட்மின்' என்ற சொல்லே சட்டத்தில் இருக்கிறது

இந்த வழக்கின் அச்சாணி, 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு. 2012 ஜூலை 31 அன்று நடப்புக்கு வந்தது. அதே ஆகஸ்ட் 14 அன்று பல மலேசிய இணையத்தளங்கள் முகப்பைக் கறுப்பாக்கி எதிர்ப்புத் தெரிவித்தன. உங்களில் பலர் அப்போது ஆரம்பப்பள்ளியில் இருந்திருப்பீர்கள்.

பிரிவு சொல்வது இதுதான். ஒரு வெளியீட்டில் உங்கள் பெயரோ படமோ புனைபெயரோ அதன் உரிமையாளர், நடத்துநர், நிர்வாகி அல்லது ஆசிரியர் என்று காட்டினால், அல்லது வெளியிடவோ மறுபடி வெளியிடவோ நீங்கள் எந்த வகையிலாவது வழிசெய்தால், அதிலுள்ளதை வெளியிட்டவர் நீங்களே என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும். 'இல்லை' என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். வாட்சாப்பில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு சொல் இருக்கிறதே, 'நிர்வாகி' என்று சட்டம் சொல்வதும் கிட்டத்தட்ட அதைத்தான்.

அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு. உங்கள் பெயரில் பதிவான இணையச் சேவையிலிருந்து ஒன்று வெளியானால், வெளியிட்டவர் நீங்கள் என்ற ஊகம். வீட்டு வைஃபை பாஸ்வர்டை எல்லாருக்கும் கொடுக்கும் தாராளமனசுக்காரர்கள் இதைக் கவனிக்கவும்.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 114ஏ ஒரு குற்றம் அல்ல. அந்தப் பிரிவின் கீழ் மட்டும் யாரையும் தண்டிக்க முடியாது. வேறு ஏதாவது சட்டத்தில் குற்றம் சாட்டும்போது, "எழுதியது இவர்தானா?" என்ற கேள்வியை அது அரசுத் தரப்புக்குச் சுலபமாக்குகிறது. மலேசியாகினி வழக்கில் அந்த 'வேறு சட்டம்' நீதிமன்ற அவமதிப்பு. ஒரு பொழுதுபோக்குக் குரூப்புக்கு வரக்கூடியது பெரும்பாலும் இரண்டு. ஒன்று, 1948ஆம் ஆண்டு தேச நிந்தனைச் சட்டம். இன்னொன்று, 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு: ஆபாசமான, பொய்யான, மிரட்டும் அல்லது மிகவும் புண்படுத்தும் உள்ளடக்கத்தைப் பிறரைத் தொல்லைப்படுத்தும் நோக்கத்தோடு அனுப்புவது. முன்பு இதற்கு அதிகபட்சம் 50,000 வெள்ளி அபராதம், ஓராண்டுச் சிறை. 2025 பிப்ரவரி 11 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் அது 5 லட்சம் வெள்ளி, இரண்டு ஆண்டு என்று ஏறிவிட்டது.

குரூப் அட்மின்கள் பொறுப்பேற்க வேண்டிவரும் என்று அரசாங்கம் வெளிப்படையாகச் சொன்னது 2017 ஏப்ரலில். அப்போதைய தொடர்பு, பல்லூடகத் துணையமைச்சர் ஜைலானி ஜொஹாரி அதைச் சொன்னார். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்.சி.எம்.சி.யும் அட்மின்களுக்கு 'செய்யலாம், செய்யக்கூடாது' என்று அறிவுரை வெளியிட்டது. அதற்காக, ஒரு தப்பான மெசேஜ் வந்தாலே அட்மினைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயப்படத் தேவையில்லை. விசாரணை பொதுவாக எழுதியவரிடம்தான் தொடங்கும். அட்மின் பார்த்தும் விட்டாரா, ரசித்தாரா, தட்டிக்கொடுத்தாரா என்பது அடுத்த கேள்வி. சிரிக்கும் இமோஜி ஒன்று போட்டிருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

புதிய இணையப் பாதுகாப்புச் சட்டம் பற்றியும் கேட்கிறார்கள். 2026 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் அந்தச் சட்டம் பொறுப்பைச் சுமத்துவது தளங்களின் மீது. உங்களைப் போன்ற அட்மின் அதன் குறி அல்ல.

தமிழ்நாட்டில் ஏன் வேறு மாதிரி?

கரூரில் வழக்கறிஞர்களின் வாட்சாப் குரூப் ஒன்றில் இரு சமூகத்தாரிடையே பகை மூட்டும் விதமாக ஒருவர் எழுதினார் என்று புகார். போலீஸ் அட்மின் மீதும் வழக்குப் பதிந்தது. 2021 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது: அவர் வெறும் அட்மின் மட்டும்தான், வேறு பங்கு இல்லை என்றால், குற்றப்பத்திரிகையிலிருந்து அவர் பெயரை நீக்குங்கள். அதே ஆண்டு மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும், 2022 பிப்ரவரியில் கேரள உயர்நீதிமன்றமும் இதே திசையில் தீர்ப்பளித்தன. ஆளைச் சேர்க்கலாம், நீக்கலாம், அதைத் தாண்டி அடுத்தவர் என்ன எழுதுவார் என்பதை அட்மினால் முன்கூட்டியே கட்டுப்படுத்த முடியாது என்பது அவற்றின் தர்க்கம்.

அங்கே 114ஏ மாதிரி ஓர் ஊகம் கிடையாது. அதனால் யூடியூப்பில் தமிழ்நாட்டு வக்கீல் ஒருவர் "அட்மினுக்குப் பொறுப்பே இல்லைங்க" என்று சொன்னால், அது அவர் ஊருக்குச் சரி. கிள்ளானில் உட்கார்ந்துகொண்டு அதை நம்பாதீர்கள். மறுபக்கம், மலேசியா மட்டும்தான் கடுமை என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் 2021 செப்டம்பரில், தங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் அடுத்தவர் எழுதிய கருத்துகளுக்கு ஊடக நிறுவனங்களே வெளியீட்டாளர்கள் என்று தீர்ப்பளித்தது. அது அவதூறு வழக்கு.

ஸ்வெட்டர் பின்னுகிறவர்களிடம் ஒரு பாடம்

சட்டத்தைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். பெரும்பாலான குரூப்புகள் போலீஸால் உடைவதில்லை, சண்டையால் உடைகின்றன.

அமெரிக்காவில் 2007இல் தொடங்கிய 'ராவல்ரி' என்பது நூல் பின்னுகிறவர்களுக்கான இணையச் சமூகம். 80 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். குல்லாவும் ஸ்வெட்டரும் பின்னுகிற இடத்தில் என்ன அரசியல் என்று தோன்றும். ஆனால் டொனால்ட் டிரம்ப்பின் முதல் ஆட்சிக் காலத்தில் அங்கே சண்டை முற்றியது. 2019 ஜூன் 23 அன்று நிர்வாகிகள் ஒரு விதி போட்டார்கள்: டிரம்ப்பையோ அவர் நிர்வாகத்தையோ ஆதரிக்கும் எந்தப் பதிவுக்கும் பின்னல் வடிவத்துக்கும் இங்கே இடமில்லை. மேசைமேல் விளையாடும் கதாபாத்திர விளையாட்டுக்காரர்களின் 'ஆர்பிஜிநெட்' தளம் அதற்கு முந்தைய ஆண்டு போட்ட விதியிலிருந்து அதை எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு தரப்பை மட்டும் தடுத்தது சரியா என்று உலகம் முழுக்க விவாதம் நடந்தது. எனக்கும் அதில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் அந்த விதியின் அடியில் இருந்த நுணுக்கம் செய்திகளில் அதிகம் வரவில்லை. அவரை ஆதரிக்கிறவர்கள் உறுப்பினராகத் தொடரலாம், இங்கே அதைப் பேசக்கூடாது, அவ்வளவுதான். யார் எந்தப் பக்கம் என்று தோண்டிப் பார்த்து அவர்களைச் சீண்டுவதும் தவறு. நீக்கப்பட்டாலும் நீங்கள் சேர்த்துவைத்த பின்னல் குறிப்புகள் அழிக்கப்படாது. விதி விரும்பியோ விரும்பாமலோ ஆளைத் தொடவில்லை, பேச்சைத் தொட்டது.

நம் ஊருக்கு இது நேராகப் பொருந்தும். 'இந்தக் கட்சிக்காரனைத் தூக்கு' என்றால் குரூப் இரண்டாகும். 'கட்சி இங்கே வேண்டாம்' என்றால் முகம் சுளிப்பார்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மலையேற வந்துவிடுவார்கள்.

3ஆர் ஏன் வேறு கணக்கு?

இனம், மதம், அரசர் ஆகிய மூன்றையும் சேர்த்து 3ஆர் என்கிறோம். கட்சி அரசியலில் சண்டை வந்தால் மனஸ்தாபத்தோடு போகும். இதில் அப்படி இல்லை.

2018 நவம்பர் 26 அதிகாலை, சுபாங் ஜெயா யூஎஸ்ஜே 25இல் சீஃபீல்ட் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தில் மோதல் வெடித்தது. இனக்கலவரம் என்ற பேச்சு வேகமாகப் பரவியது. அப்படி அல்ல என்று அப்போதைய உள்துறை அமைச்சர் மொஹிதீன் யாசின் விளக்கம் கொடுத்தார். அடுத்த இரவுக் கலவரத்தில் படுகாயமடைந்த தீயணைப்பு வீரர் முஹமட் அடிப், டிசம்பர் 17 அன்று இறந்தார். அந்த மாதிரி ஓர் இரவில் 'அங்கே இத்தனை பேர் போய்க்கிட்டு இருக்காங்க, நம்ம ஆளுங்களும் வாங்க' என்கிற ஒரு ஃபார்வர்ட், கப்பி மீன் வளர்க்கிறவர்கள் குரூப்பில் வந்தாலும் அதன் எடை ஒன்றுதான். அதை நிறுத்துவதற்கு நீங்கள் யோசிக்க வேண்டியது சட்டப்பிரிவை அல்ல.

சரி, அட்மின் என்ன செய்யலாம்?

விதியைச் சண்டைக்கு முன்னாலேயே எழுதிவையுங்கள். குரூப் விவரத்தில் மூன்று வரி போதும்: இது எதற்கான குரூப், என்ன போடக்கூடாது, போட்டால் என்ன நடக்கும். சண்டை நடுவில் அறிவிக்கும் விதி, யாரோ ஒருவருக்கு எதிராகப் போட்ட மாதிரிதான் தெரியும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் நடத்தும் ஒரு பழைய பாட்டுக் குரூப்பில், சாதி பற்றிய ஒரு கிண்டலை எதுவும் சொல்லாமல் டெலிட் செய்தேன். எழுதியவர் அப்பா வயதுக்காரர். "தம்பி, கேட்டுட்டு எடுத்திருக்கலாமே" என்றார். விதி எங்கே என்று இன்னொருவர் கேட்டார். காட்ட ஒன்றும் இல்லை. ஒரு வாரத்தில் அதே பெயரில் இரண்டாவது குரூப் முளைத்தது.

வயதில் மூத்தவரை அடக்குவது நம் வீடுகளில் பழக்கமில்லாத வேலை. பொதுவில் சொன்னால் அவமானப்படுத்தியதாக எடுத்துக்கொள்வார்கள். அதனால் முதலில் தனியாக அழைத்துப் பேசுங்கள். மெசேஜ் வேண்டாம், அழையுங்கள். "அங்கிள், நீங்க சொன்னது தப்புன்னு நான் சொல்ல வரலை, இந்தக் குரூப்ல வேண்டாம், நான் அட்மின், எனக்குப் பிரச்சனை வரும்" என்றால் பத்தில் எட்டுப் பேர் தாங்களே எடுத்துவிடுவார்கள். என் அனுபவத்தில் இதுதான் மிகவும் வேலை செய்கிறது. ஆனால் 3ஆர் சமாச்சாரம் என்றால் முதலில் நீக்குங்கள், பிறகு அழையுங்கள்.

வாட்சாப்பில் 2022 முதல் அட்மின் யாருடைய மெசேஜையும் எல்லாருக்கும் சேர்த்து நீக்க முடியும். இன்ன அட்மின் நீக்கினார் என்று அங்கே தெரியும், மறைக்க முடியாது. சண்டை ஓடிக்கொண்டிருந்தால் 'அட்மின் மட்டும் அனுப்பலாம்' என்ற அமைப்பைக் காலை வரை போட்டுவிடுங்கள். தடை மாதிரி இல்லாமல் 'எல்லாரும் தூங்குங்க, நாளைக்குப் பேசலாம்' என்கிற மாதிரி இருக்கும். டெலிகிராமில் 'ஸ்லோ மோட்' உண்டு. ஒருவர் ஒரு மெசேஜ் போட்ட பிறகு அடுத்ததற்குச் சில விநாடி முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். கோபம் ஆறுவதற்கு அது நல்ல வழி. ஃபேஸ்புக் குரூப்பில் பதிவுகளை ஒப்புதலுக்குப் பிறகு வெளிவிடலாம், ஒரு பதிவுக்குக் கீழே கருத்துகளை நிறுத்தலாம். ஆனால் ஒப்புதல் முறை இருமுனைக் கத்தி. எல்லாவற்றையும் நீங்களே படித்து ஒப்புதல் கொடுக்கிறீர்கள் என்றால், "எனக்குத் தெரியாது" என்ற வார்த்தை இனி உங்கள் வாயிலிருந்து வர முடியாது.

நீக்குவதற்கு முன் தேதியும் நேரமும் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்களிடம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எப்போது வந்தது, எப்போது பார்த்தீர்கள், எப்போது எடுத்தீர்கள் என்பதே நாளை உங்கள் சாட்சி. பலர் தவறுவது அடுத்த அடியில்: அந்த ஸ்கிரீன்ஷாட்டை இன்னொரு குரூப்பில் போட்டு "பாருங்க, இவர் என்ன எழுதியிருக்கார்" என்று கேட்பது. 114ஏ பிரிவில் 'மறுபடி வெளியிடுவது' என்ற சொல் இருப்பதை மறந்துவிட வேண்டாம்.

தனியாக அட்மினாக இருக்காதீர்கள். குறைந்தது ஒருவராவது வேறு நேரத்தில் விழித்திருப்பவராக இருக்கட்டும், ஷிஃப்ட் வேலை பார்ப்பவர் என்றால் இன்னும் நல்லது. வெவ்வேறு இனத்தவர் இருக்கும் குரூப் என்றால் அட்மின்களும் அப்படி இருக்கட்டும். எந்த வார்த்தை எங்கே சுடும் என்பது உங்களுக்கு மட்டும் முழுதாகத் தெரியாது. யாரோ உங்களைக் கேட்காமல் அட்மினாக்கிய குரூப்புகள் இருந்தால், பார்க்க நேரமில்லை என்றால், அட்மின் பொறுப்பிலிருந்து விலகிவிடுங்கள். இது ஐந்து விநாடி வேலை.

போலீஸ் அழைத்தால்?

சாட்சியாக வாக்குமூலம் கொடுக்க அழைப்பது வேறு, கைது வேறு. முதலில் எது என்று கேளுங்கள். சாட்சியாக வாக்குமூலம் கொடுக்கும்போது உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் உங்களைக் குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. கைது என்றால் காரணத்தைத் தெரிந்துகொள்ளவும் வழக்கறிஞரை அணுகவும் கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு உரிமை தருகிறது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் தேசிய சட்ட உதவி அறக்கட்டளையான ஒய்.பி.ஜி.கே.யை நாடலாம். கைதான மலேசியர்களுக்கு அது இலவசமாக உதவுகிறது. இப்படிப்பட்ட விசாரணைகளில் கைப்பேசியைப் பறிமுதல் செய்வது வழக்கம். ஆகவே வீட்டு எண்ணையும் வழக்கறிஞர் எண்ணையும் காகிதத்தில் எழுதி வைத்திருங்கள்.

அழைப்பு வந்த பிறகு குரூப்பையே கலைத்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். அதற்கு முன் எடுத்த நடவடிக்கை உங்களைக் காப்பாற்றும், அதற்குப் பின் அழிப்பது தடயத்தை மறைத்ததாகப் பார்க்கப்படலாம். முதலில் வழக்கறிஞரிடம் பேசுங்கள்.